நாளைக்கென்று ஒரு நேரம், மீதியெல்லாம் இன்றைக்கு: திட்டமிட்டுக்கொண்டே நிகழ்காலத்தில் வாழ முழுமையான வழிகாட்டி

"இந்த நொடியில் வாழுங்கள்" என்கிறார் ஒருவர். "நாளைக்கு என்ன செய்யப்போகிறாய்?" என்று கேட்கிறார் இன்னொருவர். இரண்டையும் ஒரே நாளில் கேட்க நேர்கிறவருக்கு எந்தப் பக்கம் போவது என்றே புரிவதில்லை. முதலாமவர் பேச்சைக் கேட்டால் பொறுப்பைக் கைவிட்டதுபோல உறுத்துகிறது. இரண்டாமவர் பேச்சையே பிடித்துக்கொண்டால், பிள்ளைகள் வளர்வதும் பெற்றோருக்கு வயதாவதும் கண்முன்னே நடந்தும் நாம் பார்க்காமல் போகிறோம்.

இந்த இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. திட்டமிடலுக்கென்று தனியாக நேரமும் இடமும் இல்லாதபோதுதான் அது இன்றைக்கு வாழ்வதைக் கெடுக்கிறது. அப்போது அது நாள் முழுக்கப் பரவிவிடும். குளிக்கும்போது கொஞ்சம், வண்டி ஓட்டும்போது கொஞ்சம், எதிரில் ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது கொஞ்சம், படுத்த பிறகு நிறைய. ராத்திரி யோசித்த களைப்பு மட்டும் மிச்சமிருக்கும். எடுத்த முடிவு என்று ஒன்றும் இருக்காது.

அதனால் இந்த வழிகாட்டியின் வேலை ஒன்றுதான். எதிர்காலத்தைப் பற்றிய யோசனையை ஒரு நேரத்துக்குள், ஒரு தாளுக்குள் கொண்டுவருவது. அப்படிக் கொண்டுவந்த பிறகு மீதி நேரத்தில் மனத்தை எப்படி இங்கேயே வைத்திருப்பது என்று பார்ப்பது.

முதலில், மனம் ஏன் முன்னால் ஓடுகிறது?

2010-ல் மாத்யூ கில்லிங்ஸ்வொர்த், டேனியல் கில்பர்ட் என்ற இரண்டு ஹார்வர்ட் உளவியலாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 2,250 பேரின் ஐபோனுக்கு அவ்வப்போது ஒரு கேள்வி போகும்: இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள், மனம் அதில் இருக்கிறதா வேறெங்காவது இருக்கிறதா, எப்படி உணர்கிறீர்கள்? கிட்டத்தட்ட 47 சதவீத நேரம் மனம் வேறெங்கோ இருந்தது. செய்யும் வேலை எதுவானாலும், மனம் அலைந்த நேரங்களில் மக்கள் குறைவான மகிழ்ச்சியோடுதான் இருந்தார்கள். இனிமையான விஷயத்தை நினைத்து அலைந்தபோதுகூட, கையிலிருந்த வேலையில் மனம் ஊன்றியிருந்ததைவிட மகிழ்ச்சி கூடவில்லை.

இதை வைத்து "மனம் அலைவதே தப்பு" என்று முடிவு கட்டிவிட வேண்டாம். அலையும் மனம் பெரும்பாலும் முன்னோக்கித்தான் அலைகிறது என்றும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நாளைக்கு என்ன, அடுத்த மாதம் என்ன என்று ஒத்திகை பார்ப்பது மனித மூளையின் இயல்பான திறமை. அந்தத் திறமை இல்லாவிட்டால் யாரும் விதை எடுத்து வைத்திருக்க மாட்டார்கள். ஆகவே மனத்தை அடக்குவதைவிட, அதற்கு உருப்படியான ஒரு நேரத்தைக் கொடுப்பதுதான் நடக்கக்கூடிய காரியம்.

படி 1: கவலை, கனவு, திட்டம் மூன்றையும் பிரித்துப் பாருங்கள்

எதிர்காலத்தை நினைப்பதெல்லாம் திட்டமிடுவது ஆகிவிடாது. இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். கவலைப்பட்டுக்கொண்டே இருப்பது பொறுப்போடு இருப்பதுபோலத் தோன்றும். "நான் எவ்வளவு யோசிக்கிறேன் தெரியுமா?" என்று சொல்லத் தோன்றும். ஆனால் யோசித்ததன் விளைவாக எதுவும் நகர்ந்திருக்காது.

பிரித்துப் பார்க்க இரண்டு கேள்விகள் போதும். இந்த யோசனை முடியும்போது நான் செய்யக்கூடிய ஒரு காரியம் கையில் இருக்குமா? இதே யோசனையை நேற்றும் இதே இடத்தில்தான் விட்டேனா? முதல் கேள்விக்கு "ஆம்" என்றால் அது திட்டம். இரண்டாவதற்கு "ஆம்" என்றால் அது கவலை.

"வேலை போய்விட்டால் என்ன ஆகுமோ" என்பது எத்தனை முறை நினைத்தாலும் அதே இடத்தில்தான் வந்து நிற்கும். "வேலை போனால் சேமிப்பை வைத்து எத்தனை மாதம் சமாளிக்கலாம்? சனிக்கிழமை உட்கார்ந்து கணக்குப் போடுவோம்" என்பதற்கு ஒரு முடிவு உண்டு. பயம் இரண்டிலும் ஒன்றுதான். இரண்டாவதில் அந்தப் பயத்துக்கு ஒரு வேலை கிடைத்திருக்கிறது.

கனவையும் இங்கேயே பார்த்துவிடலாம். உளவியலாளர் காப்ரியேல் ஓட்டிங்கன் பல ஆண்டுகளாகச் செய்த ஆய்வுகளில் தெரிந்தது இது: வெற்றி கிடைத்துவிட்டதாக இனிமையாகக் கற்பனை செய்வது மட்டும் போதாது; அது முயற்சிக்கான வேகத்தைக் குறைக்கவும் செய்கிறது. கிடைத்த திருப்தியிலேயே உடல் தளர்ந்துவிடுகிறது. அவர் சொல்லும் வழி எளிது. விரும்புவதைக் கற்பனை செய்யுங்கள். உடனே, அதற்குக் குறுக்கே எனக்குள் நிற்பது எது என்று கேளுங்கள். அந்தத் தடையை எழுதிவிட்டால், கனவு திட்டமாக மாறத் தொடங்கிவிடும்.

படி 2: தலையிலிருந்து தாளுக்கு இறக்குங்கள்

ஒருநாள் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். தலையில் ஓடுவதையெல்லாம் ஒன்றுவிடாமல் எழுதுங்கள். சின்னது பெரியது பார்க்க வேண்டாம், வரிசைப்படுத்த வேண்டாம். நீர்க்கசிவு, காப்பீடு, பிள்ளையின் படிப்பு, நண்பருக்குச் செய்ய வேண்டிய போன், முதுகுவலி, எப்போதோ கற்றுக்கொள்ள நினைத்த இசை. எழுதி முடிக்கும்போது பட்டியலின் நீளம் கொஞ்சம் மிரட்டும். பரவாயில்லை, இவ்வளவையும் இதுவரை தலையில்தானே சுமந்துகொண்டிருந்தீர்கள்.

பட்டியல் போடுவதோடு நிறுத்திவிட்டால் பயன் பாதிதான். ஒவ்வொரு வரியையும் அடுத்த செயலாக மாற்ற வேண்டும். ஒரு வரியை எடுத்துப் பார்ப்போம்.

தாளில் "அம்மா கண்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் மனம் முதலிலிருந்து தொடங்கும். எந்த மருத்துவர், எவ்வளவு ஆகும், எப்போது விடுப்பு கிடைக்கும், யார் கூட இருப்பது? இப்போது அதே வரியை இப்படி மாற்றி எழுதுங்கள்: "செவ்வாய் காலை 10 மணிக்கு மருத்துவமனைக்குப் போன் செய்து, கண்புரை அறுவைச் சிகிச்சைக்கு முன் என்னென்ன பரிசோதனை வேண்டும் என்று கேட்டுக் குறித்துக்கொள்வது. அன்று மாலை தங்கையிடம் பேசி, எந்த வாரம் யார் கூட இருப்பது என்று முடிவு செய்வது." அறுவைச் சிகிச்சை இன்னும் நடக்கவில்லை. செலவுக்கு இன்னும் வழி தெரியவில்லை. ஆனால் செவ்வாய் 10 மணி வரை இந்த விஷயத்தில் மனத்துக்குச் செய்ய வேலை எதுவும் இல்லை. அதுவரை அம்மாவோடு உட்கார்ந்து பேசும்போது அவர் கண்ணைப் பற்றிய கணக்கு உள்ளே ஓடாமல், அவரோடு பேசிக்கொண்டிருக்கலாம்.

இது வெறும் ஆறுதல் பேச்சு இல்லை. மசிகாம்போ, பௌமெய்ஸ்டர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2011-ல் வெளியிட்ட சோதனைகளில், முடிக்காத காரியங்கள் வேறு வேலைக்கு நடுவே குறுக்கிட்டுக்கொண்டே இருப்பதைப் பார்த்தார்கள். அந்தக் காரியத்துக்கு எப்போது, எப்படி என்று ஒரு திட்டவட்டமான ஏற்பாடு எழுதியவர்களுக்கு அந்தக் குறுக்கீடு போய்விட்டது. காரியத்தை முடிக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. மனம் உறுதிமொழி கேட்கிறது. அது கிடைத்ததும் நச்சரிப்பதை நிறுத்திக்கொள்கிறது.

ஒரே ஓர் எச்சரிக்கை: இடம் ஒன்றாக இருக்க வேண்டும். கொஞ்சம் டைரியில், கொஞ்சம் போனில், கொஞ்சம் ஃபிரிட்ஜில் ஒட்டிய சீட்டில் என்று சிதறினால் மனம் எதையும் நம்பாது. நோட்டோ செயலியோ, எது உங்களுக்குப் பழக்கமோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.

படி 3: வாரத்துக்கு ஒருமுறை எதிர்காலத்தோடு உட்காருங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரு படியை மட்டும்தான் செய்ய முடியும் என்று யாராவது சொன்னால், இதைத்தான் செய்யச் சொல்வேன். வாரத்தில் ஒரு நாள், ஒரே நேரம், முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம்.

முதலில் போன வாரத்தை மூடுங்கள்: எது முடிந்தது, எது தள்ளிப்போனது, தள்ளிப்போனதில் எதை இனிமேல் செய்யப்போவதே இல்லை? கடைசிக் கேள்வி முக்கியம். மாதக்கணக்கில் பட்டியலில் கிடந்து உறுத்திக்கொண்டே இருப்பதை அடித்துவிடுவதும் ஒரு முடிவுதான். பிறகு அடுத்த இரண்டு வாரத்தின் நாட்காட்டியைப் பாருங்கள். அப்புறம் பெரிய விஷயங்கள்: பணம், உடல்நலம், வேலை, உறவுகள். இவற்றை ஒவ்வொரு வாரமும் முழுதாகக் கிளற வேண்டியதில்லை. ஒரு வாரத்துக்கு ஒன்றை எடுத்து, அதில் அடுத்த ஓர் அடியை மட்டும் முடிவு செய்யுங்கள்.

அந்த ஒரு மணி நேரம் போனை வேறு அறையில் வையுங்கள். எதிர்காலத்தை யோசிப்பதுதான் அப்போது உங்கள் நிகழ்காலம். அதில் முழு மனத்தோடு உட்கார்ந்தால் ஒரு மணி நேரத்தில் முடிவது, நாள் முழுக்கப் பாதி மனத்தோடு யோசித்தாலும் முடிவதில்லை. எப்படி இங்கேயே இருப்பது என்று கற்றுக்கொள்கிற பயிற்சியும் இதுவே.

முடிக்கும் நேரத்தையும் கறாராக வையுங்கள். மணி அடித்ததும் நோட்டை மூடுங்கள். இதற்கு மேல் தோன்றுவதெல்லாம் அடுத்த வாரத்துக்கு. அடுத்த வாரம் இதே நேரத்தில் நிச்சயம் உட்காருவேன் என்ற நம்பிக்கை மனத்துக்கு வந்தால்தான் இடையில் அது அமைதியாக இருக்கும். அதனால் ஒரு வாரம் அரை மணி நேரம்தான் கிடைத்தாலும், அந்த அரை மணியாவது உட்காருங்கள்.

இதோடு தினமும் காலையில் ஐந்து பத்து நிமிடம் போதும். அன்றைக்கு முடிக்க வேண்டிய இரண்டு மூன்று காரியங்களை மட்டும் வாரத் தாளிலிருந்து எடுத்து எழுதுங்கள்.

படி 4: "எப்போது, எங்கே" என்று எழுதுங்கள்

"உடற்பயிற்சி செய்ய வேண்டும்" என்பது ஆசை. "காலையில் பல் தேய்த்ததும் காலணியை மாட்டிக்கொண்டு நடக்கக் கிளம்புவேன்" என்பது ஏற்பாடு. உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் இந்த "இது நடந்தால் இதைச் செய்வேன்" என்ற வடிவத்தைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். அவரும் பாஸ்கல் ஷீரனும் 2006-ல் 94 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, இப்படி எழுதியவர்கள் தங்கள் இலக்கை நிறைவேற்றுவது கணிசமாகக் கூடியிருந்தது.

செய்து முடிப்பதற்கு உதவுவது ஒரு பக்கம். நமக்கு இங்கே இன்னொரு லாபமும் இருக்கிறது. காரியத்தை ஒரு குறிப்பிட்ட நேரத்தோடோ நிகழ்வோடோ கட்டிவிட்டால், அதை நினைவில் வைத்துக்கொண்டே இருக்க வேண்டிய அவசியம் போய்விடுகிறது. பல் தேய்த்ததும் அதுவே ஞாபகம் வரும். அதற்கு முன்பும் பின்பும் மனம் சும்மா இருக்கலாம்.

படி 5: நாட்காட்டியில் மூச்சுவிட இடம் வையுங்கள்

அவசரத்தில் இருப்பவரால் நிகழ்காலத்தில் இருக்க முடியாது. அந்த அவசரத்தில் பாதி நாமே போட்ட தப்புக் கணக்கால் வருவது. டேனியல் கானமன், ஏமோஸ் ட்வெர்ஸ்கி என்ற உளவியலாளர்கள் இருவரும் 1979-லேயே இந்தக் குறைபாட்டுக்கு "திட்டமிடல் பிழை" (planning fallacy) என்று பெயரிட்டார்கள்: எல்லாம் சரியாக நடக்கும் என்ற எண்ணத்தில், ஆகும் நேரத்தைக் குறைத்து மதிப்பிடுவது. 1994-ல் வெளியான ஓர் ஆய்வில், ஆய்வேட்டை முடிக்கப்போகும் மாணவர்கள் சராசரியாக 34 நாளில் முடித்துவிடுவோம் என்று கணித்தார்கள். உண்மையில் சராசரியாக 55 நாளுக்கு மேல் ஆனது.

சரி, என்ன செய்வது? கற்பனையிலிருந்து கணிக்காதீர்கள், போன முறை இதே மாதிரி வேலைக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று பார்த்து அதையே எழுதுங்கள். பெரிய காரியம் என்றால், கேரி க்ளைன் என்ற உளவியலாளர் பரிந்துரைத்த ஒரு வழியும் உண்டு. தொடங்கும் முன்பே, "இது ஆறு மாதம் கழித்து முழுதாகத் தோற்றுவிட்டது, ஏன்?" என்று கேட்டுக் காரணங்களை எழுதிப் பார்ப்பது. "எது தப்பாகப் போகலாம்?" என்று பொதுவாகக் கேட்பதைவிட, தோற்றுவிட்டதாகவே வைத்துக்கொண்டு கேட்டால் காரணங்கள் தயங்காமல் வெளியே வரும். கவலைப்படும் பழக்கமுள்ளவர்கள் இதில் கெட்டிக்காரர்கள். அவர்களுடைய பயத்துக்கு இதைவிட நல்ல பயன் இல்லை.

நாளின் எல்லா மணிகளையும் நிரப்பாதீர்கள். இரண்டு வேலைக்கு நடுவே இடைவெளி இருந்தால்தான் முதல் வேலையை மனத்திலிருந்து இறக்கி வைக்க முடியும். சோஃபி லெராய் 2009-ல் வெளியிட்ட ஆய்வில் இதைக் காட்டினார்: ஒரு வேலையைப் பாதியில் விட்டுவிட்டு அடுத்ததற்குத் தாவினால், கவனத்தின் ஒரு பகுதி பழைய வேலையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். பிற்பாடு அவரே சோதித்துப் பார்த்த மருந்து மிகச் சிறியது. எழுந்திருக்கும் முன், "எங்கே நிறுத்தினேன், திரும்பி வந்ததும் முதலில் என்ன செய்வேன்" என்று ஓரிரு வரி எழுதிவிட்டுப் போவது. அலுவலகத்திலிருந்து கிளம்பும்போதும் இதைச் செய்யலாம். வீட்டுக்குள் வருகிறவர் வேலையை வாசலிலேயே விட்டுவிட்டு வருகிறாரா என்பதை வீட்டில் இருப்பவர்கள் ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

படி 6: மனம் ஓடும்போது திரும்பி வாருங்கள்

இவ்வளவும் செய்த பிறகும் மனம் ஓடும். ஓடத்தான் செய்யும். இப்போது அதைத் திருப்பிக் கூட்டிவருவது சுலபம், ஏனென்றால் "அது தாளில் இருக்கிறது" என்று நீங்கள் உண்மையாகவே சொல்ல முடியும்.

ஒரு காட்சியை எடுத்துக்கொள்வோம். மாலை. மகள் பள்ளியில் நடந்ததைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவளுடைய தோழியின் பென்சில் பெட்டியை யாரோ ஒளித்துவைத்துவிட்டார்கள். கதை நீளமாகப் போகிறது. "ம்... ம்..." என்று தலையாட்டிக்கொண்டே இருக்கிறீர்கள், உள்ளே நாளைய கூட்டம் ஓடுகிறது. அந்தக் கேள்வியைக் கேட்டால் என்ன பதில் சொல்வது? திடீரென்று அவள், "அப்புறம் நான் என்ன பண்ணேன்னு சொல்லு?" என்கிறாள். உங்களுக்குத் தெரியவில்லை.

அந்த இடத்தில் நான்கு அசைவுகள். முதலில், ஓடியதைக் கவனிப்பது. கவனித்த அந்தக் கணத்திலேயே நீங்கள் திரும்பி வந்துவிட்டீர்கள். பாதி வேலை முடிந்தது. இரண்டாவது, உள்ளுக்குள் ஒரு பெயர் வைப்பது: "நாளைய கூட்டம்." அவ்வளவுதான், விளக்கம் வேண்டாம். மூன்றாவது, இது புதிய விஷயமா ஏற்கெனவே எழுதியதா என்று பார்ப்பது. புதியது என்றால், "ஒரு நிமிஷம்மா, ஒண்ணு எழுதிட்டு வரேன்" என்று சொல்லி ஒரு வரி எழுதிவிட்டு வரலாம். குழந்தைகள் அதைப் பொறுத்துக்கொள்வார்கள். கேட்பதுபோல நடிப்பதைத்தான் பொறுத்துக்கொள்ள மாட்டார்கள். நான்காவது, புலன்கள் வழியாக இங்கே வருவது. அவள் குரல், கை ஆட்டும் விதம், விழுந்த பல்லின் இடைவெளி. பிறகு நேர்மையாக, "கவனிக்கலை, மறுபடி சொல்லு" என்று கேட்டுவிடுங்கள்.

இதில் உங்களைத் திட்டிக்கொள்வதற்கு ஓர் அசைவு இல்லை என்பதைப் பாருங்கள். "பார், மறுபடியும் ஓடிவிட்டேன்" என்று நொந்துகொள்வதும் இங்கிருந்து இன்னொரு முறை ஓடிப்போவதுதான். ஒரு மாலையில் முப்பது முறை ஓடினால் முப்பது முறை திரும்பி வாருங்கள். திரும்பி வருவதுதான் பயிற்சி.

இப்படித் திரும்பி வரும் பழக்கத்தை வலுவாக்க விரும்பினால் தினமும் பத்து நிமிடம் மூச்சைக் கவனித்து உட்காரலாம். ஜான் கபட்-ஸின் 1979-ல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் தொடங்கிய எட்டு வாரப் பயிற்சித் திட்டம் இப்படிப்பட்ட எளிய கவனிப்பை அடிப்படையாகக் கொண்டதுதான்; நாள்பட்ட வலியோடும் மனஅழுத்தத்தோடும் வந்தவர்களுக்காக அது தொடங்கப்பட்டது. உட்காருவது பிடிக்காவிட்டால் தினமும் செய்யும் ஒரு சின்ன வேலையைத் தேர்ந்தெடுங்கள். பாத்திரம் கழுவுவது, துணி மடிப்பது, மாடிப்படி ஏறுவது. அந்த ஒரு வேலையின்போது மட்டும் போன் இல்லை, பாட்டு இல்லை. கை படும் நீரின் சூடும் துணியின் சொரசொரப்பும்தான். எல்லா நேரமும் இப்படி இருக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. பேருந்து சன்னலோரம் உட்கார்ந்து மனத்தை அதன் போக்கில் விடுவதும் நல்லதுதான். தானாக அலையும்போது சில நல்ல யோசனைகள் பிறக்கின்றன.

படி 7: கவலைக்கும் ஒரு நேரம் கொடுங்கள்

சில விஷயங்களைத் திட்டமாக மாற்றவே முடியாது. பரிசோதனை முடிவு வர ஒரு வாரம் ஆகும். மகன் தூர ஊரில் இருக்கிறான். செய்ய வேண்டியதைச் செய்தாயிற்று, காத்திருப்பதுதான் பாக்கி. இங்கே "கவலைப்படாதே" என்பது உதவாது.

தாமஸ் போர்க்கோவெக்கும் உடன் ஆய்வாளர்களும் 1983-ல் ஒரு முறையைச் சோதித்தார்கள். தினமும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் அரை மணி நேரம் கவலைப்படுவதற்கென்றே ஒதுக்குவது. பகலில் கவலை வந்தால், "உன் நேரம் மாலை 6 மணி" என்று தள்ளிவைத்து, செய்துகொண்டிருந்த வேலைக்குத் திரும்புவது. 6 மணிக்கு உட்கார்ந்து மனதாரக் கவலைப்படுவது. பகலில் கவலைக்குப் போகும் நேரம் இதனால் குறைந்தது. தள்ளிவைத்த கவலைகளில் சில, 6 மணிக்குள் தாமாகவே வலுவிழந்துபோயிருக்கும். படுக்கையில் வைத்து மட்டும் இதைச் செய்யாதீர்கள். படுக்கை கவலைக்கான இடம் என்று உடலுக்குப் பழகிவிடும்.

இரவுக்கு வேறொரு வழி இருக்கிறது. 2018-ல் மைக்கேல் ஸ்கல்லினும் அவரது குழுவினரும் பேய்லர் பல்கலைக்கழகத்தில் 57 பேரை வைத்துச் செய்த ஆய்வில், தூங்கும் முன் ஐந்து நிமிடம் அடுத்த சில நாட்களில் செய்ய வேண்டியதை எழுதியவர்கள், முடித்த வேலைகளை எழுதியவர்களைவிடச் சராசரியாக ஒன்பது நிமிடம் சீக்கிரம் தூங்கினார்கள். விவரமாக எழுதியவர்களுக்கு இன்னும் சீக்கிரம் தூக்கம் வந்தது. சிறிய ஆய்வுதான், ஆனாலும் ஒரு பேனாவும் தாளும் செலவழித்துப் பார்க்கத் தகுந்தது.

இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். கவலை பெரும்பாலான நாட்களில் அடக்க முடியாமல் மாதக்கணக்கில் தொடர்ந்தால், தூக்கமும் பசியும் கெட்டால், அது உங்கள் மனஉறுதிக் குறைவு இல்லை. பதற்ற நோய் என்று ஒன்று இருக்கிறது. அதற்குச் சிகிச்சையும் இருக்கிறது. தயங்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

படி 8: வாழ்வதைத் தள்ளிப்போடாதீர்கள்

"கடன் அடையட்டும், அப்புறம்..." "பிள்ளைகள் ஒரு நிலைக்கு வரட்டும், அப்புறம்..." இந்த "அப்புறம்" நல்ல எண்ணத்தில் தொடங்கி, இருபது வருடம் போய்விடும். திட்டமிடுகிறவர்களுக்கே உரிய ஆபத்து இது. பதவி உயர்வோ புது வீடோ நாம் நினைக்கும் அளவுக்கும் நினைக்கும் காலத்துக்கும் மகிழ்ச்சி தருவதில்லை என்பதை டேனியல் கில்பர்ட்டும் டிமோத்தி வில்சனும் பல ஆய்வுகளில் காட்டியிருக்கிறார்கள். இழப்புகளும் அப்படித்தான், பயந்த அளவுக்கு நீடிப்பதில்லை.

அதற்காக எதிர்காலத்தைக் கைவிடவும் கூடாது. முதுமையில் இருக்கப்போகும் நம்மை யாரோ ஒருவராகத்தான் நினைக்கிறோம். அதனால்தான் அவருக்காகச் சேமிக்க மனம் வருவதில்லை. ஹால் ஹெர்ஷ்ஃபீல்டின் குழு 2011-ல் வெளியிட்ட சோதனைகளில், வயதான தோற்றத்துக்கு மாற்றிய தங்கள் முகத்தையே கணினியில் பார்த்தவர்கள் ஓய்வுக்காலத்துக்குக் கூடுதலாக ஒதுக்க முன்வந்தார்கள். அந்த மனிதரோடு கொஞ்சம் பழகிக்கொண்டால் போதும். எழுபது வயதில் உங்கள் ஒரு நாள் எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். காலையில் எழுந்து யாரோடு பேசுகிறீர்கள், எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது, யாரிடமும் கைநீட்டாமல் இருக்கிறீர்களா?

பிறகு ஒவ்வொரு பெரிய இலக்கையும் எடுத்து ஒரு கேள்வி கேளுங்கள்: இதில் இந்த வாரமே வாழக்கூடிய பகுதி எது? ஓய்வுக்குப் பிறகு தோட்டம் போட ஆசை என்றால் இப்போது ஒரு தொட்டி வைக்கலாம். பிள்ளைகளுக்காக உழைக்கிறோம் என்றால், அந்தப் பிள்ளைகளோடு உட்காரும் நேரமும் நாட்காட்டியில் வேலைக் கூட்டங்களைப் போலவே எழுதப்பட்டிருக்க வேண்டும், முதலில் எழுதப்பட்டிருக்க வேண்டும். வாரா வாரம் கேட்டும் எதுவும் அகப்படாத இலக்காக இருந்தால், அது உண்மையில் யாருடைய இலக்கு என்று ஒருமுறை யோசிக்கலாம் என்பேன்.

சிலருக்கு இந்த வரிசையே தலைகீழாக இருக்க வேண்டும். அடுத்த மாத வாடகைக்கு வழியில்லாதவரிடம் மூச்சைக் கவனிக்கச் சொல்வது சரியில்லை. அவருக்கு முதலில் வேண்டியது திட்டமும் உதவியும். யாரிடம் கேட்பது, எதை நிறுத்துவது, எந்தக் கடனை முதலில் பேசித் தீர்ப்பது என்று எழுதி முடித்த பிறகுதான் அவரால் ஒரு வேளைச் சோற்றையாவது நிம்மதியாகச் சாப்பிட முடியும்.

படி 9: திட்டம் உடையும்போது

உடையும். நோய், வேலை மாற்றம், ஊரடங்கு, பிரிவு. 1957-ல் அமெரிக்க அதிபர் ஐசனாவர் ஓர் உரையில், திட்டங்கள் பயனற்றவை, ஆனால் திட்டமிடுவதுதான் எல்லாமே என்ற கருத்தைச் சொன்னார். படைகளை நடத்திய அனுபவத்திலிருந்து வந்த பேச்சு அது. நெருக்கடி நாம் எதிர்பார்த்தபடி வராது. ஆனால் முன்பே யோசித்துப் பழகியவருக்கு என்ன இருக்கிறது, யார் இருக்கிறார்கள், எது முக்கியம் என்பது தெரிந்திருக்கும்.

உடைந்த அன்றைக்கே புதிய பெருந்திட்டம் போடாதீர்கள். அந்த மனநிலையில் எடுக்கும் ஐந்தாண்டு முடிவுகள் பெரும்பாலும் கோபமோ பயமோ எழுதிக்கொடுத்தவை. இன்றைக்கும் நாளைக்கும் என்ன செய்ய வேண்டும் என்பதை மட்டும் எழுதுங்கள். வருத்தப்படவும் நேரம் விடுங்கள். அடுத்த வார அமர்வில் மூன்று கேள்விகள்: எது இன்னும் அப்படியே இருக்கிறது? எதை விட்டாக வேண்டும்? அடுத்த ஓர் அடி எது?

எங்கிருந்து தொடங்குவது

ஒன்பது படிகளையும் நாளையே தொடங்கினால் ஒரு வாரத்தில் அலுத்துவிடும். இந்த வாரம் படி 2-ம் 3-ம் மட்டும்: தலையில் இருப்பதை இறக்குங்கள், வாரத்தில் எந்த நாள் எந்த நேரம் உட்காருவீர்கள் என்று முடிவு செய்து நாட்காட்டியில் எழுதுங்கள். இரண்டு மூன்று வாரம் அது நிலைத்த பிறகு படி 6-ஐச் சேர்த்துக்கொள்ளுங்கள், அதுவும் ஒரே ஒரு வேலையில் அல்லது ஒரே ஒரு மனிதரோடு. மற்றவை தேவை வரும்போது வரட்டும். தூக்கம் வராத வாரத்தில் படி 7, நேரம் போதாத மாதத்தில் படி 5.

குடும்பத்தோடு வாழ்கிறவர்கள் அந்த வார அமர்வை வீட்டில் இருப்பவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கணவனும் மனைவியும் சேர்ந்து உட்காருவதாக இருந்தால், முதல் அரை மணி தனித்தனியாக எழுதிவிட்டு அடுத்த அரை மணி சேர்ந்து பேசுவது நல்லது. எடுத்த எடுப்பிலேயே பேசத் தொடங்கினால் யாராவது ஒருவருடைய கவலையே மொத்த நேரத்தையும் தின்றுவிடும்.